ஜீப்பை உயர்த்தினால் பட்டை முறுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய ஜீப்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. பட்டையை, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்குகிற லீஃப் ஸ்பிரிங்கை, ஆக்ஸிலுக்கு (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற அச்சுக்கு) மேலே மாற்றி வண்டியை ஆறு அங்குலம் தூக்கி, பெரிய டயரும் போட்டுவிட்டால் மலைப்பாதையில் எந்தக் கல்லையும் தாண்டலாம் என்று எழுதியிருந்தார்கள். தாண்டலாம்தான். நானும் தாண்டினேன், சரியாக நான்கு மாதம். ஐந்தாவது மாதம் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்ப எங்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் இல்லை என்று வெட்டுவதானால் என் கதையை வெட்டுங்கள், ஆக்ஸில் சுற்றாமல் பிடிக்கிற இரும்புப் பாரைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

என்னிடம் இருப்பது மஹிந்திரா எம்.எம்.540, 1993 மாடல், பியூஜோ எஞ்சின். சொந்த வேலைக்குத்தான். பெட்டமுகிலாளம் பக்கம் மேலே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கேழ்வரகு, அவரை, சீசனில் புளி. பாதி தூரம் தார் ரோடு, மீதி பாறையும் மண்ணும். மழை பெய்து மண் அரித்துப் போன இடங்களில் முழங்கால் உயரத்துக்குப் படி படியாகக் கல் நிற்கும். ஆக்ஸிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை இரண்டு தடவை கல்லில் இடித்து எண்ணெய் ஒழுகியது, அதனால்தான் வண்டியைத் தூக்கலாம் என்ற ஆசை வந்தது. ஒரு பட்டறையில் கேட்டேன், மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார்கள். ஊருக்குள் வண்டி நுழைந்தபோது பையன்கள் ஓடி வந்து பார்த்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் வந்தது சத்தம். செங்குத்தான இடத்தில் லோ கியர் போட்டு மிதித்தால் பின்பக்கம் 'தட் தட் தட்' என்று யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி. வண்டி முன்னால் போகாமல் இருந்த இடத்திலேயே குதிக்கும். பட்டறையில் சொன்னால் "பெரிய டயர் அண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் பன்னிரண்டு மூட்டை கேழ்வரகோடு ஒரு கல் படியில் ஏறும்போது, அது குதிக்கக் குதிக்க நான் இன்னும் மிதித்தேன். படார் என்று ஒரு சத்தம். கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலைச் சுற்றுகிற பின் ஷாஃப்டின் கிராஸ், அதாவது ஷாஃப்ட் மடங்கிச் சுழல விடுகிற மூட்டு, உடைந்து, ஷாஃப்ட் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு தரைத் தகட்டை அடித்துக் கிழித்துவிட்டது. ஃபோர் வீலில் இருந்ததால் முன் ஷாஃப்ட் வண்டியைப் பிடித்துக்கொண்டது. மச்சினன் குதித்து இறங்கி இரண்டு சக்கரத்துக்கும் கல் போட்டான். மூட்டைகளை இறக்கி வைத்து, பின் ஷாஃப்டைக் கழற்றி மேலே போட்டுக்கொண்டு, முன் சக்கர இழுவையில் மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தோம். அடித்துக்கொண்டிருந்த ஷாஃப்ட் பிரேக் பைப்பைத் தொடாமல் விட்டது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம்.

இங்கே பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மாமனாரிடம் ஒரு சி.ஜே.3பி இருந்தது. அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் அந்த அமைப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். டூ வீலில் ஏறும்போது பின் ஷாஃப்ட் அறுந்தால் கியரும் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். ஏற்றத்தில் கிராஸ் உடைவதை ஏதோ ஒரு ஸ்பேர் பார்ட் செலவு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

புது கிராஸ் போட்டேன். ஆறு வாரத்தில் அதுவும் போனது. கம்பெனி கிராஸ் இல்லை, டூப்ளிகேட், அதனால்தான் என்றார்கள். அடுத்தது ஒரிஜினல். அதுவும் சத்தம் போட ஆரம்பித்தது. அப்போதுதான் காலேஜில் படிக்கிற என் மகன் ஒரு வேலை செய்தான். அவனுடைய போனை சைக்கிள் டியூப் ரப்பரால் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இறுக்கிக் கட்டி, கேமரா பின் ஆக்ஸிலைப் பார்க்கிற மாதிரி வைத்து, மெதுவாக ஓடுகிற வீடியோ எடுத்தான். எங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கிற பாறையில் ஏற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. நான் மிதிக்க மிதிக்க டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேர்கிற பினியன் பக்கம், முரட்டு மாடு தலையைத் தூக்குகிற மாதிரி மேலே போகிறது. பட்டையின் முன்பாதி மேலே புடைக்கிறது, பின்பாதி கீழே தொய்கிறது, பாம்பு நெளிகிற மாதிரி. ஒரு அளவுக்கு மேல் போனதும் டயர் பாறையில் வழுக்குகிறது, உடனே பட்டை விட்ட வில்லாகப் பழைய நிலைக்கு வந்து அடிக்கிறது. டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி மூக்கு தூக்குகிறது. நான் கேட்ட 'தட் தட்' இதுதான். இதற்கு நடுவில் கிராஸ் தாங்க முடியாத கோணத்துக்கு மடங்கி மடங்கி நிமிர்கிறது. உடையாமல் என்ன செய்யும்?

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாட்டு வண்டியில் மாடு இழுக்கிறது, சக்கரம் சும்மா உருள்கிறது, அச்சுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஜீப்பில் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. எஞ்சின் சக்கரத்தை முன்பக்கம் சுற்ற முயலும்போது ஆக்ஸில் கூடு அதே பலத்தோடு பின்பக்கம் சுற்றப் பார்க்கும். பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்காத வைஸில் பைப்பைக் கவ்வித் திருகினால் பைப் திரும்பாமல் வைஸே திரும்பிவிடும் அல்லவா, அது போலத்தான். அந்த வைஸைப் பெஞ்சோடு பிடித்து வைக்கும் வேலையை நம் ஜீப்பில் பட்டைதான் செய்கிறது. வேறு ஒரு கம்பியும் கிடையாது. பாரத்தைத் தாங்குவதும் பட்டை, ஆக்ஸில் சுற்றிவிடாமல் பிடிப்பதும் பட்டை. இந்த அமைப்புக்கு ஹாட்ச்கிஸ் டிரைவ் என்று பெயராம், பிரான்சு நாட்டுக் கம்பெனியின் பெயர். அதே கம்பெனி பிற்பாடு வில்லிஸ் ஜீப்பையும் உரிமம் வாங்கி அங்கே செய்தது என்று மகன் படித்துச் சொன்னான். 2020இல் வந்த மஹிந்திராவின் புது 'தார்' ஜீப்பில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங். அங்கே ஆக்ஸிலைப் பிடிக்கத் தனித்தனிக் கம்பிகள் உண்டு, அதனால் அந்த வண்டிக்காரர்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போகலாம். லாரிக்குப் பட்டைதானே, அது ஏன் குதிப்பதில்லை என்று கேட்டால், அதில் தடித்த பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும், லேசில் நெளியாது. ஜீப்பில் சொகுசுக்காக மெல்லிய பட்டை போடுகிறோம், அது நெளிகிறது.

இப்போது உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். டயர் தரையைப் பின்னால் தள்ளுகிறது, பட்டை அந்தத் தள்ளலைச் சேஸுக்குக் கொடுக்கிறது. தரைக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள உயரம்தான் முறுக்குகிற நெம்புகோலின் நீளம். என் வண்டியில் டேப் வைத்து அளந்தேன். முன்பு பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தபோது, பழைய 6.00-16 டயரோடு, தரையிலிருந்து பட்டையின் நடு 11 அங்குலம். பட்டையை மேலே மாற்றி, பெரிய டயரும் போட்ட பிறகு 18 அங்குலத்துக்கு மேல். அதே ஏற்றம், அதே பாரம், அதே எஞ்சின், ஆனால் பட்டையை முறுக்குகிற பலம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது! பட்டை அதே பழைய பட்டை. முதலிலேயே பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிற வண்டிகளில் இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்குகிறவர்களுக்கும் இதே கதைதான், அதில் கட்டை நழுவுகிற ஆபத்து வேறு. ஆறு அங்குலம் தூக்கினால் கல் இடிக்காது என்று எழுதினீர்கள், நெம்புகோல் ஏழு அங்குலம் நீண்டுவிட்டது என்று எழுதவில்லை.

இன்னொன்று, சேற்றில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. டயர் வழுக்கிவிடும், முறுக்கு ஏறுவதற்குள் விட்டுவிடும். காய்ந்த பாறைதான் எமன். பிடி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு முறுக்கு. மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி மாசி, பங்குனியில் புளி ஏற்றும்போது ஏன் கிராஸ் தின்கிறது என்று பல பேர் தலையைச் சொறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? நான் தப்பாகச் செய்ததை முதலில் சொல்கிறேன். ஒரு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். குதிப்பது பாதி குறைந்தது, ஆனால் வெறும் வண்டியில் உட்கார முடியவில்லை, என் அம்மா ஒரு தடவை ஏறிவிட்டு, இனி பஸ்ஸிலேயே வருகிறேன், மீதியை நடந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் வேறொரு பட்டறையில் ஆக்ஸிலிலிருந்து சேஸுக்கு இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பை நேராக வெல்ட் வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே ஒரு சக்கரம் கல்லில் ஏறி மறு சக்கரம் குழியில் இறங்கியபோது சேஸில் வைத்த பிராக்கெட் வேரோடு பிய்ந்து வந்துவிட்டது. ஏனென்றால் பட்டை நிமிரும்போதும் மடங்கும்போதும் ஆக்ஸில் மேலும் கீழும் மட்டும் போவதில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்கிறது, ஒரு பக்கமாகச் சாயவும் செய்கிறது. இரண்டு முனையையும் அசையாமல் பூட்டினால் ஏதாவது ஒன்று பிய்ந்துதான் ஆகும்.

கடைசியில் சரியாக வந்தது ஒற்றை பார். கிருஷ்ணகிரியில் லாரிப் பட்டை வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். ஆக்ஸில் கூட்டில் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இடத்தில் பாரைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து பார் முன்னால் போய் கியர் பெட்டி உட்கார்ந்திருக்கும் குறுக்குச் சட்டம் வரை நீள வேண்டும். நீளம் ஏறத்தாழ ஷாஃப்டின் நீளம். குட்டையாக வைத்தால் ஆக்ஸில் மேலே போகும்போது பார் ஒரு வட்டம் போடும், ஷாஃப்ட் வேறு வட்டம் போடும், பினியன் கோணம் கெட்டுவிடும். முன் முனையில்தான் சூட்சுமம். அதை நேராகப் போல்ட் போட்டுப் பூட்டாமல், பட்டையின் பின்னால் இருக்குமே, அதே மாதிரி ஒரு ஷேக்கிளில், அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற இணைப்பில், தொங்கவிட வேண்டும். ஆக்ஸில் முன்னும் பின்னும் நகர்ந்தால் ஷேக்கிள் ஆடிக்கொடுக்கும், மூக்கைத் தூக்கப் பார்த்தால் மட்டும் விடாது. வண்டி சமதரையில் பாரத்தோடு நிற்கும்போது அந்த ஷேக்கிள் நேர்செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் ஆட இடமே இருக்காது. முன் முனையில் நல்ல ரப்பர் புஷ், ஒரு சக்கரம் ஏறி ஒன்று இறங்கும்போது பார் திருகிக்கொடுக்க அது வேண்டும். ஒரே ஒரு பார் போதும், இரண்டு போட்டால் ஆக்ஸில் சாய்வதை அவையே தடுத்து ஒன்றோடொன்று சண்டை போடும். பைப், புஷ், வெல்டிங் எல்லாம் சேர்த்து எனக்கு ஆறாயிரம் சொச்சம் ஆனது. அதன் பிறகு எடுத்த வீடியோவில் மூக்கு கொஞ்சம்கூட எழும்பவில்லை. மகன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினான்.

ஆனால் எல்லோரும் உடனே பார் வெல்ட் வைக்க ஓட வேண்டாம். உயர்த்தாத வண்டியிலும் இந்தக் குதிப்பு வருவதுண்டு, அங்கே பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்கும். பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட்டில் கை வைத்துப் பாருங்கள். பட்டை மாற்றிய பிறகு ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்பதைப் பட்டறையில் சொல்வதே இல்லை, சொன்னாலும் நாம் போவதில்லை. கழற்றிய பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடுவது வேறு, ஒரு தடவை இழுபட்ட மரை மறுபடி அந்த இறுக்கத்தைத் தாங்காது. பட்டையின் முன் கண்ணில், அதாவது சேஸில் மாட்டுகிற வளையத்தில், இருக்கிற புஷ் தேய்ந்திருந்தாலும் ஆக்ஸில் ஆடும். பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் உடைந்திருந்தால் இரண்டு பக்கத்துப் பட்டையின் கண்ணிலிருந்தும் ஆக்ஸில் வரை டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம் கிளாம்பு. பட்டைகளைச் சேர்த்துக் கவ்விக்கொண்டு நான்கு இடத்தில் தகடு இருக்கும். பட்டை சேர்க்கிற வேலையின்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டாமல் அனுப்புகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. முறுக்கு வரும்போது முன்பாதியில் மெயின் பட்டை தனியாகப் பிரிந்து மேலே புடைக்கும், கீழே உள்ள பட்டைகள் உதவிக்கு வராமல் சும்மா நிற்கும். முன்பாதியில் கிளாம்பை இறுக்கமாகவும் பின்பாதியில் கொஞ்சம் தளர்வாகவும் வைத்தால், ஒரு ரூபாய் வெல்டிங் இல்லாமல் பாதி வியாதி போய்விடும். சொகுசும் அவ்வளவாகக் கெடாது. இன்னும் சிலர் பினியன் மூக்குக்கு நேர் மேலே சேஸில் ஒரு ரப்பர் கட்டை பொருத்துகிறார்கள், மூக்கு தூக்கினால் அதில் போய் முட்டி நிற்கும். பரவாயில்லை, ஆனால் பாருக்கு அது ஈடு இல்லை.

ஓட்டுகிறவர் காலிலும் பாதி இருக்கிறது. குதிக்க ஆரம்பித்ததும் இன்னும் மிதிப்பது நம் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம், நானும் அதைச் செய்துதான் கிராஸை உடைத்தேன். முதல் 'தட்' கேட்டதும் காலை எடுத்துவிட வேண்டும். அரை அடி பின்னால் வந்து, வேறு கோடு பார்த்து, ஒரே சீராக ஏற வேண்டும். பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறு வருகிற சில வண்டிகள் மலையடிவாரத்தில் பெட்ரோலை ஊற்றிக் கர்ஜித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு அந்தப் பட்டையை நினைத்துத்தான் பரிதாபமாக இருக்கும்.

சட்டத்தையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லியிருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், என் வண்டிக்கு அது போன வருடம் வந்தது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆய்வாளர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை, தூரத்தில் நின்றே "என்ன, மாடிப்படி வைத்து ஏறுகிறீர்களா?" என்று கேட்டார். திரும்பக் கொண்டுவந்து, பட்டையை ஆக்ஸிலுக்குக் கீழேயே மாற்றி, பழைய அளவு டயர் போட்டு, புது யூ போல்ட், புது புஷ், நான்கு கிளாம்பும் மாட்டி, பாரைக் கழற்றிவிட்டுத்தான் ஆர்.சி. வாங்கினேன்.

அதோடு அதே பாறையில் ஏற்றிப் பார்த்தேன், பத்து மூட்டையோடு. குதிக்கவில்லை. உருண்டை இடிக்கிற இடங்கள் இரண்டு இருந்தன, மச்சினனும் நானும் ஒரு நாள் கடப்பாரையோடு போய் அந்தக் கற்களைப் புரட்டிவிட்டோம். அதை நான்கு வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போவதை உங்கள் பத்திரிகையும் படத்தோடு போட்டிருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு மச்சினன் சொன்னான், அதுக்கு ஆக்ஸில் கிடையாது மாமா, அதனால் கிராஸும் உடையாது என்று.

அடுத்த முறை வண்டிப் பக்கம் போடும்போது பெரிய டயர் விற்கிறவரை மட்டும் கேட்காமல், கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ பட்டை வேலை செய்கிற ஒருவரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தப் பாரை நான் விற்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஓடு சாய்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். யாராவது அளவு எடுக்க வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளட்டும், மாடு மட்டும் புது ஆளைக் கண்டால் கொஞ்சம் முட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஜீப்காரர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.